ஏழாம் நம்பர் சிலிண்டர்

அந்த முக்குளிப்புப் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் அவரைக் காத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடலுக்கு அடியில் போகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் சிலிண்டரில் காற்றை அடைத்துக் கொடுப்பது அவர் வேலை. பதினோரு வருடமாக அதே வேலை. நான் அங்கே முதல்நிலைச் சான்றிதழ் வாங்கப் போனபோது, வகுப்பு இடைவேளையில் அவருடைய அறை வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பேன். இது அவரே சொன்னது. சில இடங்களை மற்றவர்கள் சொன்னதை வைத்து நிரப்பியிருக்கிறேன்.

படகுத்துறைக்கு எதிரே இரண்டு மாடிக் கட்டடம். கீழே அலுவலகமும் வகுப்பறையும். வகுப்பறைக்குப் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஓர் அறை. உள்ளே ஒரு கம்ப்ரஸர், சுவரோரம் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்ட முப்பது சிலிண்டர்கள், அடைக்கும்போது சூடேறுகிற சிலிண்டரைக் குளிர வைக்க ஒரு சிமெண்ட் தொட்டி, உட்கார ஒரு ஸ்டூல். கம்ப்ரஸர் போடும் சத்தத்துக்குக் காதில் மூடி மாட்டிக்கொண்டுதான் உட்கார முடியும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடியில் இருக்கிற குழாயைத் திறந்து, காற்றிலிருந்து பிரிந்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அழுத்தம் காட்டும் முள் இருநூறைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். அடைத்து முடித்த ஒவ்வொரு சிலிண்டரையும் லேசாகத் திறந்து மூக்கருகில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். எண்ணெய் வாடையோ புகை வாடையோ இருந்தால் காற்றை அப்படியே திறந்து விட்டுவிடுவார். இந்தக் கடைசி வேலையை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

அதற்கு முன்னால் பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் பஸ் டிரைவர். "டயருக்குக் காத்தடிச்சவ இப்ப மனுஷனுக்குக் காத்தடிக்கப் போயிட்டா" என்று டிப்போவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இவ்வளவு காலம் கடலுக்கு எதிரே வேலை பார்த்தும், நான் சொல்லப்போகும் அந்தச் சனிக்கிழமை வரை காத்தக்கா கடலில் கால் நனைத்ததில்லை. அவருக்குத் தண்ணீர் ஆகாது. ஒன்பது வயதில் ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் ஆறு மணி நேரம் நின்றவர். அம்மா பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வாயை மூடிக்கோ, மூக்கால மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு முகத்தில் தண்ணீர் பட்டால் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். சிலிண்டரைப் படகில் ஏற்றுவதென்றால்கூட, படகுத்துறையின் சிமெண்ட் தரை முடிந்து மரப்பலகை தொடங்கும் இடம் வரைதான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். பலகை இடுக்கில் கீழே தண்ணீர் தெரியும். அங்கிருந்து படகுக்காரர் எடுத்துக்கொள்வார். அதை யாரும் கேலி செய்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை அவருக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கு இரண்டும் அடைத்து, டீயா வெந்நீரா என்று தெரியாத நிலை. லீவு போட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்குப் படகு நிறைய ஆட்கள். முதல்முறையாகக் கடலில் இறங்கப் போகும் புதியவர்கள் நான்கு பேர், அவர்களோடு பள்ளியை நடத்துகிற பயிற்சியாளர். முப்பத்தைந்து வயதுப் பெண். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அப்புறம், ஏற்கெனவே சான்றிதழ் வாங்கி, ஆழத்தில் இறங்குவதற்கான அடுத்த சான்றிதழுக்குப் படிக்கிற இருவர். அவர்களோடு உதவிப் பயிற்சியாளர். மொத்தம் எட்டுப் பேர், எட்டு சிலிண்டர், கூடுதலாக இரண்டு. ஏழு சிலிண்டர் முந்தின நாளே தயார். மீதி மூன்றைக் காலை ஏழரை மணிக்கு உட்கார்ந்து அடைத்தார். நாலு, ஏழு, பதினொன்று. வழக்கம்போல ஒவ்வொன்றையும் திறந்து மூக்கருகில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்பதை வாடை இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்குப் படகு கிளம்பியது.

ஒன்பதரை மணி இருக்கும். தொட்டித் தண்ணீரை மாற்றுவதற்காக வாளியை எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனார். பக்கத்துக் கட்டடத்தில் தரை இழைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்காக ஒரு டீசல் ஜெனரேட்டரைச் சந்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அது ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகைக்குழாய் பள்ளியின் சுவரைப் பார்த்து இருந்தது. அதற்கு நேர் மேலே, ஓர் ஆள் உயரத்தில், கம்ப்ரஸருக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாய்.

வாளியைக் கீழே வைத்தாரா போட்டாரா என்று அவருக்கு நினைவில்லை.

"இது எப்ப இருந்து ஓடுது?" என்று அங்கே நின்ற மேஸ்திரியைக் கேட்டார்.

"காலைல ஏழு மணிக்குப் போட்டோம். ஏன், சத்தம் தொந்தரவா இருக்கா?"

சத்தம் அவருக்குக் கேட்டால்தானே. கம்ப்ரஸர் சத்தம், காதில் மூடி.

அந்தப் புகையில் என்ன இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். வகுப்பறைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பத்து வருடமாக மாஸ்டர் நடத்தும் பாடம் முழுவதையும் அவர் கேட்டிருக்கிறார். புகைக் காற்று சிலிண்டருக்குள் போனால், மேலே தலைவலியோடு போகிற விஷயம் ஆழத்தில் ஆளையே சாய்த்துவிடும். முதலில் தலை கனக்கும், வாந்தி வரும், அப்புறம் தூக்கம் வருவதுபோல நினைவு போய்விடும். வாயிலிருந்து காற்றுக் குழாய் நழுவினால் அவ்வளவுதான். இந்த வரிகளை மாஸ்டர் எந்த இடத்தில் நிறுத்திச் சொல்வார் என்பதுகூட அவருக்கு மனப்பாடம்.

மூன்று சிலிண்டரும் படகில். எது யார் முதுகில் என்று தெரியாது.

மாஸ்டருக்குப் போன் போட்டார். அலுவலகத்தில் மேஜைக்குள்ளேயே மணி அடித்தது. படகுக்காரருக்குப் போட்டார். அவர் சிக்னல் கிடைக்காத இடத்தில் இருந்தார். மறுபடி மறுபடி தப்பான எண்ணை அழுத்தினார். பிறகு ஓடினார். படகுத்துறையில் சிமெண்ட் முடிகிற இடம் வரை ஓடி, அங்கே நின்றுவிட்டார். கால் நின்றுவிட்டது என்றுதான் அவர் சொன்னார். "நான் நிக்கல, கால் நின்னுடுச்சு."

பலகையின் மறுகோடியில், மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொண்டுபோகிறவர் தன் சின்ன மோட்டார் படகிலிருந்து காலிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும், "என்ன காத்தக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றார்.

"எங்க படகு எங்க நிக்கும்னு தெரியுமா?"

"பாறைத்திட்டு ஓரமாத்தான். ஏன்?"

"அவங்ககிட்ட உடனே ஒரு தகவல் சொல்லணும். காத்து கெட்டுப்போச்சு. யாரும் கீழ இருக்கக் கூடாது."

ஐஸ்காரருக்கு முழுவதும் புரியவில்லை. முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொண்டார். "ஏறுங்க" என்றார்.

தகவலை மட்டும் அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று காத்தக்காவும் நினைத்தார். ஆனால் எந்தெந்த நம்பர், யாரை முதலில் பார்க்க வேண்டும், எப்படித் தட்டினால் கீழே இருப்பவர்கள் மேலே வருவார்கள் என்பதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். வாய் வேறு குழறியது. கண்ணை மூடிக்கொண்டு பலகையில் கால் வைத்தார். நடந்தாரா தவழ்ந்தாரா என்று கேட்டால் இன்றைக்கும் சிரித்து மழுப்பிவிடுவார். ஐஸ்காரர் சொல்வது, பாதி தூரம் அது, பாதி தூரம் இது.

படகு கிளம்பி முதல் அலையில் குதித்ததும் அவர் உள்ளே குப்புற விழுந்து, மிச்ச ஐஸ் கிடந்த ஒரு பெட்டிக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டார். விரல் மரத்துப் போனது தெரியவில்லை. இருபது நிமிடப் பாதை. ஐஸ்காரர் பன்னிரண்டு நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் காத்தக்கா ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் போக, ஒரு கால்மணி உடுப்பு மாட்ட. அப்படியானால் இப்போது இறங்கிக்கொண்டிருப்பார்கள். இல்லை, இறங்கியிருப்பார்கள்.

பள்ளிப் படகில் படகுக்காரர் மட்டும் தனியாக உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தார். காத்தக்கா ஒரு படகில் வருவதைப் பார்த்ததும் பழத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அதற்கு மேல் அவருக்கு அபாயச் சங்கு தேவைப்படவில்லை.

"எல்லாரும் இறங்கியாச்சா?"

"பத்து நிமிஷம் ஆச்சு. என்னக்கா?"

"மிச்ச சிலிண்டர் ரெண்டும் என்ன நம்பர்? பாருங்க, சீக்கிரம்."

படகுக்காரர் குனிந்து பார்த்தார். "பதினஞ்சு. நாலு."

நாலு மேலேயே இருந்தது. இன்னும் இரண்டு. ஏழும் பதினொன்றும் கீழே.

மூன்று மூன்றாக இரும்பில் தட்டினால் உடனே மேலே வர வேண்டும் என்பது வகுப்பில் முதல் நாளே சொல்லித்தருவது. தட்டும் இரும்பு தண்ணீருக்குள் இருந்தால் சத்தம் வெகுதூரம் போகும். படகின் பின்பக்கம் இரும்பு ஏணி தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. படகுக்காரர் ஸ்பேனரைத் தேடி எடுப்பதற்குள் காத்தக்கா அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, பின்பலகையில் குப்புறப் படுத்து, முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு ஏணிப்படியில் அடித்தார். மூன்று. நிறுத்தி மூன்று. நிறுத்தி மூன்று. அலை எழும்பி முகத்தில் அடித்தது. கண்ணில், மூக்கில், வாயில் உப்புத் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. மூச்சு வரும்வரை காத்திருந்து மறுபடி அடித்தார். படகுக்காரர் ஆக்ஸிஜன் பெட்டியைத் திறந்து தயாராக வைத்துவிட்டு, இவர் உள்ளே விழுந்துவிடாமல் இருக்க இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார்.

முதலில் மாஸ்டரின் தலை தெரிந்தது. அவர் பின்னால் ஒவ்வொருவராக நான்கு பேர். எட்டு மீட்டர் ஆழத்தில்தான் இருந்தார்கள்.

"காத்தக்கா?" என்றார் மாஸ்டர்.

"ஏழாம் நம்பர் யாருக்கு?"

பதிலை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நால்வரில் வயதானவர், ஐம்பத்தெட்டு வயதுப் பல் டாக்டர், ஏணியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். முகம் சிவந்து, கண் எங்கேயோ பார்த்தது. ஐஸ்காரரும் படகுக்காரருமாக அவரை மேலே இழுத்துப் போட்டு, முகத்தில் ஆக்ஸிஜனை மாட்டினார்கள். "தலை... தலை வெடிக்குது" என்றார். பேசினாரே என்று இருந்தது.

காத்தக்கா இரண்டே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். மாஸ்டரின் முகம் மாறியது. "மத்த மூணு பேர் இருபத்தெட்டு மீட்டர்ல இருக்காங்க" என்றார். காற்று குறைந்திருந்த தன் சிலிண்டரைக் கழற்றி, படகிலிருந்த பதினைந்தை மாட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தன் வாழ்க்கையிலேயே மோசமான நேரம் என்பார் காத்தக்கா. அத்தனை ஆழத்திலிருந்து யாரும் சடாரென்று மேலே வரக் கூடாது. வந்தால் அதுவே ஆளை முடக்கிவிடும். மெதுவாக வர வேண்டும். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும். இதுவும் சுவர் வழியாகக் கேட்டதுதான். தண்ணீரின் மேல் குமிழிகள் நான்கு இடத்தில் வந்தன. நான்கு இடத்திலும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஓர் இடத்தில் குமிழி வரத் தாமதமானால் அவர் மூச்சும் நின்றது. படகுக்காரர் பக்கத்தில் வந்து, "வருது அக்கா, அதோ வருது, வருது" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். அந்த மனுஷன் அன்றைக்குச் சொன்னதுபோல வேறு யாரும் தன்னிடம் அவ்வளவு அன்பாக ஒரு சொல்லைச் சொன்னதில்லை என்று காத்தக்கா சொன்னார்.

கடைசியில் நால்வரும் மேலே வந்தார்கள். பதினொன்று உதவிப் பயிற்சியாளரின் முதுகில் இருந்தது. வாயில் மாஸ்டரின் சிலிண்டரில் இருந்த இரண்டாவது குழாயைக் கடித்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்தபடி மேலே வந்தார். ஏணியில் ஏறத் தெம்பில்லை. படகில் கிடந்தபடி, "தட்டற சத்தம் கேட்டுச்சு. ஏதோ கனவுல கேக்கற மாதிரி இருந்துச்சு. மாஸ்டர் வந்து இழுக்கலைன்னா அங்கேயே உக்காந்திருப்பேன்" என்றார்.

பல் டாக்டரையும் உதவிப் பயிற்சியாளரையும் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இருவரும் நன்றாக எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை காத்தக்கா அறைச் சாவியை மாஸ்டரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

"எனக்கு மோப்பம் தெரியலைன்னு எனக்கே தெரியும். தெரிஞ்சும் அடைச்சுக் குடுத்தேன்" என்றார்.

மாஸ்டர் சாவியை எடுக்கவில்லை. "பத்து வருஷமா உங்க மூக்கை நம்பிப் பள்ளிக்கூடம் நடத்தினது யாரு? காத்தைச் சோதிக்கற கருவி வாங்கணும்னு எனக்குத் தெரியாதா? படகுல ஒரு ரேடியோ வேணும்னு தெரியாதா?" என்றார். சாவியை அவர் பக்கமாகத் தள்ளி, "நீங்க தப்பு பண்ணினீங்கதான், அக்கா. நான் உங்களுக்கு முன்னாடியே பண்ணிட்டேன். சாவியை எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அந்த மாதமே காற்று இழுக்கும் குழாயைக் கூரைக்கு மேலே பத்தடி உயர்த்தினார்கள். சோதிக்கும் கருவி வந்தது. படகுக்கு ரேடியோ வந்தது. ஆனால் காத்தக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு சிலிண்டரையும் மூன்று தடவை சோதிப்பார். படகு போய்த் திரும்பும்வரை ஸ்டூலில் உட்கார மாட்டார். கணவர் பஸ்ஸை விட்டு வந்து, "இப்படியே போனா உனக்கே காத்தடிக்க வேண்டி வரும்" என்றார். அவர் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அந்தக் கேலியை விட்டுவிட்டார்.

ஆறு வாரம் கழித்துப் பல் டாக்டர் வந்தார். கையில் இனி இறங்கலாம் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த கடிதம். நேராகப் பின்னறைக்கு வந்தார். காத்தக்கா எழுந்து நின்றார். அடிப்பார் என்றே நினைத்தாராம்.

"உக்காருங்கம்மா" என்றார் டாக்டர். இருந்தது ஒரே ஸ்டூல். இருவரும் நின்றார்கள். "முப்பது வருஷமா, வர்றவங்ககிட்ட எல்லாம் 'ஒண்ணும் வலிக்காது, வாயைத் திறங்க'ன்னு சொல்லிட்டு இருந்தேன். பயம்னா என்னன்னு இப்பத்தான் தெரியுது. அந்தக் குழாயை வாயில வைக்கணும்னு நினைச்சாலே குமட்டுது. நேத்து வீட்டுக்காரி இளநீர்ல ஸ்ட்ரா போட்டுக் குடுத்தா, அதுக்கே குமட்டிச்சு."

"அப்ப விட்டுடுங்க டாக்டர். எதுக்கு மறுபடி?"

"விட்டா குளிக்கறதுக்குக்கூடப் பயந்துடுவேன் போல. அதான் ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன். நீங்க அடைச்ச காத்தை நீங்க என்னைக்காவது தண்ணிக்குள்ள சுவாசிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"நீங்க இறங்குங்க. உங்க பக்கத்துல நான் இறங்குறேன். நீங்க இல்லைன்னா என்னால முடியாது."

கோபமாகச் சொல்லவில்லை அவர். கெஞ்சிக் கேட்டார். அதனால்தான் முடியாது என்று சொல்ல வரவில்லை என்றார் காத்தக்கா. "எனக்கு நீச்சலே தெரியாதே டாக்டர்" என்று மட்டும் சொன்னார்.

"கத்துக்கோங்க. எனக்கும் அவசரமா போக வேண்டிய இடம் ஒண்ணும் இல்ல."

ஐந்து மாதம் ஆனது. பள்ளிக்குச் சொந்தமான சின்ன நீச்சல் குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், மாஸ்டர் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டு வாரம் ஓரக் கம்பியை விடவில்லை. முகத்தை உள்ளே வைப்பதற்கு மட்டும் ஒரு மாதம். ஒவ்வொரு நாளும் போகாமல் இருக்க ஏதாவது காரணம் கிடைக்காதா என்று தேடுவார். ஒருநாள் அவர் கணவர் டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு வந்து குளக்கரையில் உட்கார்ந்து பார்த்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நான் இருபத்தி ரெண்டு வருஷமா பஸ் ஓட்டுறேன். பயத்தோட வண்டியை எடுக்கச் சொன்னா நான் எடுக்க மாட்டேன்" என்றார். அது பாராட்டா புத்திமதியா என்று அவருக்கு விளங்கவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டார்.

இருநூறு மீட்டர் நீந்தினார். பத்து நிமிடம் மிதந்தார். அழகாக இல்லை. ஆனால் போதும்.

அடுத்த வகுப்பில் அவரும் டாக்டரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எழுத்துத் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது வாங்கினார். டாக்டர் நாற்பது. "இது அநியாயம். இந்தம்மா பதினோரு வருஷமா சுவர்ல காதை வச்சுப் படிச்சிருக்காங்க" என்று டாக்டர் முறையிட்டார்.

எழுத்து வேறு, தண்ணீர் வேறு. குளத்தின் அடியில் மண்டியிட்டு, கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடிக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி அதை வெளியே தள்ள வேண்டும். முதல் தடவை தண்ணீர் மூக்கைத் தொட்டதும் அவர் எகிறி மேலே வந்து, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை மாஸ்டரின் கையைக் கீறிவிட்டார். ரத்தம் வந்தது.

"இன்னைக்குப் போதும் அக்கா" என்றார் மாஸ்டர்.

டாக்டரும் கரையில்தான் உட்கார்ந்திருந்தார். வாயில் வைத்த குழாயைக் குமட்டல் தாங்காமல் நான்கு தடவை துப்பியிருந்தார். உதடு நீலமாக இருந்தது, குளிரில். இருவரும் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாளைக்கு வருவீங்களா?" என்றார் டாக்டர்.

"நீங்க வருவீங்களா?"

"நீங்க வந்தா."

மறுநாள் காலை அறையில் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்தபோது, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை செய்யும் வேலையைச் செய்தார். அடிக்குழாயைத் திறந்தார். உள்ளே இருந்த காற்று தண்ணீரை உஸ்ஸென்று தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. இதைத்தானே மாஸ்டர் மூக்கால் செய்யச் சொல்கிறார் என்று தோன்றியது. வேறொன்றுமில்லை. மேலே காற்று அழுத்தினால் கீழே தண்ணீர் போய்விடும். ஆயிரம் தடவை கையால் செய்த வேலை. அன்று மாலை குளத்தின் அடியில் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியபோது பயம் முழுதாக அப்படியே வந்தது. நெஞ்சு அடைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கண்ணாடியின் மேல்விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊதினார். கண்ணைத் திறந்தால் எதிரே மாஸ்டர் கட்டைவிரலை ஆட்காட்டி விரலோடு சேர்த்து, எல்லாம் சரி என்று வட்டமாகக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டாக்டர், குழாயை வாயிலிருந்து துப்பாமல்.

கடலில் இறங்கிய நாளில் அந்த வட்டத்தை அவர் யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் பொய்யாகிவிடும் என்றார். பின்பலகையிலிருந்து குதிக்கச் சொன்னபோது ஐந்து நிமிடம் நின்றார். படகுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை அவிழ்ப்பதுபோல பாவனை செய்தார். அவிழ்க்கக் கயிறு ஒன்றும் இல்லை. டாக்டர் முதலில் குதித்துவிட்டு, தண்ணீரில் மிதந்தபடி, "ஒண்ணும் வலிக்காது, வாங்க" என்றார்.

எட்டு மீட்டர். காது அடைத்தது, மூக்கைப் பிடித்து ஊதினார், விட்டது. மணல். பாறை. ஒரு கூட்டம் சின்ன மீன், திடீரென்று எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. எல்லோரும் அழகு அழகு என்கிறார்களே, அதையெல்லாம் அவர் பார்த்தாரா என்று நான் கேட்டேன். "நான் முள்ளைத்தான் பாத்துட்டு இருந்தேன். நூத்தி எண்பது, நூத்தி எழுபது, நூத்தி அறுபது. ஒவ்வொரு மூச்சும் அறையில நான் உக்காந்து அடைச்சது. வாயில வரும்போது வாடை இல்லாம, குளுகுளுன்னு, சுத்தமா இருந்துச்சு. அழுகை வந்துடுச்சு. கண்ணாடிக்குள்ள அழுதா தண்ணி வெளிய போகாது, தெரியுமா? ஊதித்தான் தள்ளணும்."

நான்கு தடவை இறங்கினார். புகைப்படம் போட்ட அட்டை வந்தது. அவருடைய கணவர் அதை பஸ் கண்ணாடிக்கு மேல் சொருகி வைத்திருந்தார். டிப்போ மேனேஜர் திட்டிய பிறகுதான் எடுத்தார். டாக்டர் அடுத்த நிலைக்குப் போய், இப்போது முப்பது மீட்டர் இறங்குகிறார். காத்தக்கா அந்த நான்கோடு நிறுத்திக்கொண்டார். தண்ணீரை நினைத்தால் இன்றைக்கும் பயம்தான் என்று ஒளிக்காமல் சொல்கிறார்.

நான் அங்கே படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள், வெளியூரிலிருந்து ஆறு பேர் கொண்ட குழு வந்திருந்தது. எல்லோரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், நூறு நூற்றைம்பது தடவை இறங்கியவர்கள். காலையில் கருவியில் ஏதோ ஓர் எண் ஏறியிருந்தது. மிகக் கொஞ்சம்தான். காத்தக்கா எந்தச் சிலிண்டரையும் கொடுக்க முடியாது என்றுவிட்டார்.

"அந்த அளவு ஒண்ணும் பண்ணாது. நாங்க புதுசு இல்லம்மா" என்றார் குழுத் தலைவர்.

"தெரியுது சார்."

"மாஸ்டரைக் கூப்பிடுங்க."

மாஸ்டர் வந்தார். கருவியைப் பார்த்தார். "அவங்க குடுத்தாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஆறு பேரும் உடுப்பு மாட்டிய கோலத்தில் அரை மணி நேரம் அறை வாசலில் நின்று வாதாடினார்கள். காத்தக்கா குரலை உயர்த்தவில்லை. கடைசியில், "இந்தக் காத்தை உங்க முதுகுல ஏத்திட்டு, நீங்க மேல வர்றவரைக்கும் குமிழியைப் பாத்துட்டு நிக்க என்னால முடியாது சார். மன்னிச்சுடுங்க" என்றார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். அவர் ஸ்டூலைக் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஸ்பேனரை எடுத்து, காற்றை வடிகட்டுகிற ஃபில்டரைக் கழற்றத் தொடங்கினார்.